படம் வரைந்து பாகம் குறிப்பது வேறு, படக்குறிப்பு வேறு

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றத்தை அவளைப் போல வரைய அந்த வகுப்பில் ஆள் கிடையாது. பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு, ஓரங்களைச் சுத்தமாக இழுத்து, பாகம் குறிக்கும் கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்தது போல ஒரே வரிசையில் வலப்பக்கம் வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் போடலாம். ஒருநாள் பேச்சுவாக்கில், "நுரையீரலுக்குப் போன இரத்தம் அப்புறம் எங்கே போகும்?" என்று கேட்டேன். "உடம்புக்கு மிஸ்." "நேராவா?" "ஆமா மிஸ்." அவள் வரைந்த படத்தையே எடுத்து முன்னால் வைத்து, விரலால் வழியைக் காட்டு என்றேன். விரல் நுரையீரல் தமனி வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இரத்தம் நுரையீரலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் குழாய், நுரையீரல் சிரை என்று அவள் கையாலேயே எழுதியது, அந்த விரலுக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருந்தது.

அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேட்டால், புத்தகத்தில் உள்ளதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகி, பரீட்சையில் அப்படியே இறக்கிவைப்பார்கள். அது ஒரு திறமைதான், மதிப்பெண்ணுக்கு வேண்டியதும்தான். ஆனால் அதில் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. நான் இங்கே சொல்ல வருவது வேறு ஒன்றை: பாடத்தைக் கேட்டபின், தனக்கு என்ன புரிந்ததோ அதைப் பிள்ளை தானே ஒரு படமாகப் போட்டுப் பார்ப்பது. படக்குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஸ்கெட்ச்நோட் என்று இணையத்தில் தேடினால் அழகழகான எழுத்து, நிழல் போட்ட ரிப்பன், ஏழெட்டு வண்ணம் என்று பக்கம் பக்கமாக வரும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த அலங்காரம் எதுவும் நமக்குத் தேவையில்லை, சொல்லப்போனால் இடைஞ்சல்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், என் அனுபவத்தில் ஒரே காரணம்தான் பெரியது. வாக்கியத்தில் மழுப்பலாம், அம்புக்குறியில் மழுப்ப முடியாது. 'இதயம் உடல் முழுவதும் இரத்தத்தைச் செலுத்துகிறது' என்று எதுவுமே புரியாமல் எழுதிவிடலாம், நாமும் டிக் போட்டுவிடுவோம். ஒரு அம்பு போடு என்று சொன்னால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எந்தப் பக்கம் கூர்முனை என்று மூன்றையும் முடிவு செய்தாக வேண்டும். தெரியாவிட்டால் அந்த இடத்தில் பென்சில் நின்றுவிடும். அப்படி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனையும்.

சரி, என்னென்ன வேண்டும்? கோடு போடாத ஒரு ரஃப் நோட்டு, பென்சில், நீலப் பேனா, பச்சைப் பேனா. நோட்டு வாங்க முடியாத பிள்ளைகளுக்கு ஒருபக்கம் அச்சடித்த பழைய ஏ4 தாளின் மறுபக்கம் போதும், நாற்பது தாளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பருவம் ஓடும். ரப்பர் மட்டும் வேண்டாம். ரப்பர் கையில் இருந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போய்விடும், அதோடு முதலில் என்ன தப்பாக நினைத்தான் என்ற தடயமும் அழிந்துவிடும். தப்பாகப் போனால் குறுக்கே ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் வரையட்டும்.

"எனக்கு வரைய வராது மிஸ்" என்று முதல் நாளே பாதி வகுப்பு சொல்லும், அதிலும் பின்வரிசை பையன்கள் கூட்டாகச் சொல்வார்கள். நான் கரும்பலகையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு வட்டம், ஒரு கட்டம், ஒரு முக்கோணம், ஒரு அம்பு போடுவேன். "இதில் எது வராது?" என்பேன். இந்த ஆறை வைத்துப் பள்ளி அறிவியலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அணு ஒரு வட்டம், செல் என்றாலும் ஒரு வட்டம்தான், உள்ளே இன்னொரு சின்ன வட்டம். இலைக்கு எதிரெதிரே வளைந்த இரண்டு கோடு. மனிதனுக்குக் குச்சி பொம்மை.

அப்புறம் கலிலியோ கதையையும் சொல்வேன். 1610 ஜனவரி 7-ம் தேதி இரவு தன் தொலைநோக்கியில் வியாழனைப் பார்க்கிறார், பக்கத்தில் மூன்று சின்ன நட்சத்திரங்கள், கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. குறித்து வைக்கிறார். எப்படி? வியாழனுக்கு ஒரு வட்டம், நட்சத்திரங்களுக்குச் சின்னச் சின்னக் குறிகள், அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் மூன்றும் மேற்கே இருக்கின்றன. 10-ம் தேதி இரண்டுதான் தெரிகிறது, அதுவும் கிழக்கே. 13-ம் தேதி நாலு. ஒவ்வொரு இரவும் இப்படிப் போட்டுவைத்ததை வரிசையாகப் பார்த்துத்தான், இவை வியாழனைச் சுற்றி வருகின்றன என்ற முடிவுக்கு வருகிறார். இதைக் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரையத் தெரிந்த படம் அது.

ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒரு சொல்லை எழுதியவர்களைவிட அதைப் படமாகப் போட்டவர்களுக்கு அது அதிகம் நினைவில் நின்றது. வரைவதற்கு நாலே வினாடி கொடுத்தபோதும் இந்த வித்தியாசம் தெரிந்தது. நாலு வினாடியில் யார் அழகாக வரைய முடியும்? நினைவில் நிற்பதற்கு அழகு தேவையில்லை என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு இது போதும்.

இனி அம்புக்குறி. இதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கினாலும் வீண் இல்லை. நாம் கரும்பலகையில் அம்புக்குறியை எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 'இது இங்கே போகிறது' என்பதற்கும் அம்பு, 'இது அதுவாக மாறுகிறது' என்பதற்கும் அம்பு, 'இதன் பெயர் இது' என்று பாகம் குறிக்கவும் அம்பு, விசை எந்தத் திசையில் என்று காட்டவும் அம்பு. நமக்குப் பழக்கத்தில் தெரிந்துவிடுகிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உணவுச் சங்கிலி வரையச் சொல்லுங்கள், வகுப்பில் ஐந்தாறு பேராவது ஆட்டிலிருந்து புல்லை நோக்கி அம்பு போட்டிருப்பார்கள். கேட்டால், "ஆடுதானே மிஸ் புல்லைத் திங்குது" என்பான். அவன் சொல்வதில் தப்பே இல்லை, அவன் அம்புக்கு 'தின்கிறது' என்று அர்த்தம். பாடப்புத்தக அம்புக்கு 'ஆற்றல் போகிறது' என்று அர்த்தம், அதனால் அது புல்லிலிருந்து ஆட்டுக்குப் போக வேண்டும். இதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு சட்டம்: பாகம் குறிக்க வெறும் கோடு, அம்புமுனை கிடையாது. நகர்வதற்கு ஒற்றை அம்பு. மாறுவதற்கு இரட்டைக்கோட்டு அம்பு. விசைக்குத் தடித்த அம்பு. எந்த அம்பாக இருந்தாலும் அதன் முதுகில் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும், 'போகிறது', 'உறிஞ்சுகிறது', 'தள்ளுகிறது' என்று ஒரே சொல். நீங்கள் வேறு குறிகள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதுகில் வினைச்சொல் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், பிள்ளை என்ன நினைக்கிறது என்பது அங்கேதான் வெளியே வரும்.

ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்று அந்த இதயத்தை வைத்தே சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் நான் பேசுவேன், யாரும் எதுவும் எழுதக் கூடாது, புத்தகமும் மூடியிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே வரைவது பெரியவர்களுக்கே சிரமம், பிள்ளைகளுக்கு வரைவதில் கவனம் போய் காது அடைத்துவிடும். (நான் முதல் வருடம் இந்தத் தப்பைத்தான் செய்தேன், நான் பேசப் பேச வரையுங்கள் என்று சொல்லி, கடைசியில் கையில் பாதிப் படமும் காதில் பாதிப் பாடமுமாக உட்கார்ந்திருந்தார்கள்.) பேசி முடித்ததும் ஆறு நிமிடம் வரைய நேரம். நாலு கட்டம், அதுதான் இதயம். மேலே ஒரு மேகம் நுரையீரல், கீழே ஒரு குச்சி பொம்மை உடம்பு. கட்டளை ஒன்றே ஒன்று: உடம்பிலிருந்து புறப்பட்டு உடம்புக்கே திரும்பி வரும்வரை பென்சிலைத் தாளிலிருந்து தூக்கக் கூடாது.

உடம்பிலிருந்து வலது ஆரிக்கிள் (மேல் அறை), அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை), அப்படியே மேலே நுரையீரல். இந்த இடத்தில்தான் நிற்பார்கள். பென்சிலைத் தூக்க முடியாது, உடம்புக்கு நேராக இழுத்தால் இடப்பக்கத்து இரண்டு கட்டமும் அனாதையாகக் கிடக்கும். அவர்களே முழிப்பார்கள், பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், தடுக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் நுரையீரலிலிருந்து இடது ஆரிக்கிளுக்குக் கோட்டைக் கொண்டுவந்து, இடது வெண்ட்ரிக்கிள் வழியாகக் கீழே இறக்கிவிடுவார். போன வருடம் ஒரு பையன் சத்தமாகவே சொன்னான், "மிஸ், எட்டு மாதிரி வருது!" இரட்டைச் சுற்றோட்டம் என்ற சொல்லை நான் அதற்கப்புறம்தான் கரும்பலகையில் எழுதினேன். ஒரு சுற்றுக்கு இரத்தம் இரண்டு தடவை இதயத்துக்குள் வருகிறது என்று பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது, அந்த எட்டில் ஏறிவிட்டது.

அந்தப் படம் கையில் இருக்கும்போதே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தாளின் இடப்பக்கத்தில் ஏன் 'வலது ஆரிக்கிள்' என்று எழுதுகிறோம்? நோட்டை விரித்து நெஞ்சோடு வைத்து, படம் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது அந்தப் பாகம் பிடித்திருப்பவரின் வலப்பக்கம் வந்துவிடும். எதிரில் நிற்கும் ஒருவரின் இதயத்தைத்தான் நாம் வரைகிறோம், அவ்வளவே.

வரைந்தபின் நாலு நிமிடம், பக்கத்தில் இருப்பவரிடம் விரல் வைத்துக் கதை சொல்ல வேண்டும். கேட்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'நல்லா இருக்கு' என்று சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாது. இந்த நேரத்தில் நான் பெஞ்சு பெஞ்சாக நடந்துகொண்டே பொதுவாக வந்திருக்கும் இரண்டு தப்புகளை மனதில் குறித்துக்கொள்வேன், யாருடையது என்று சொல்லாமல் அதைக் கரும்பலகையில் நானே வரைவேன். இங்கே ஒரு விஷயம்: சார்ட் தொங்கவிடாதீர்கள், ப்ரொஜெக்டரில் முடிந்த படத்தைக் காட்டாதீர்கள். உங்கள் கை கோணலாக இழுத்து, அழித்து, மறுபடி போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். நம் கோணல் கோட்டைப் பார்த்தபின்தான் அவர்களுக்குத் தைரியம் வருகிறது.

வண்ணம் பற்றி. இரண்டுக்கு மேல் வேண்டாம், அதிலும் யோசித்துத்தான். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலம் அடிப்பது நம் பழக்கம், புத்தகமும் அப்படித்தான். விளைவு, சிரையில் நீல நிற இரத்தம் ஓடுகிறது என்று பிளஸ் டூ முடித்தவர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், கையில் தெரியும் நரம்பைச் சாட்சிக்குக் காட்டுவார்கள். உண்மையில் அது கருஞ்சிவப்பு. இரத்தப் பரிசோதனைக்குச் சிரையில்தான் ஊசி போட்டு எடுக்கிறார்கள், குழாயில் என்ன நிறம் பார்த்தாய் என்று கேளுங்கள், தானே தெளியும். அதனால் எங்கள் வகுப்பில் ஆக்சிஜன் நிறைந்ததற்கு முழுக்கோடு, குறைந்ததற்குப் புள்ளிக்கோடு. இதில் இன்னொரு வசதியும் உண்டு, பையன்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அது பல நேரம் அவர்களுக்கே தெரிந்திருக்காது. கோட்டு வகையை வைத்தால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள்.

படம் பொய் சொல்லும் இன்னொரு இடம், திட திரவ வாயுத் துகள்கள். மூன்று கட்டம் கொடுத்துத் துகள்களைப் புள்ளியாகப் போடு என்றால், திடத்தில் நெருக்கம், திரவத்தில் கொஞ்சம் இடைவெளி, வாயுவில் இன்னும் கொஞ்சம் இடைவெளி என்று படிப்படியாகப் போடுவார்கள். உண்மையில் திரவத்தில் துகள்கள் கிட்டத்தட்டத் திடத்தின் அளவுக்கே நெருக்கமாக இருக்கும், வரிசைதான் கலைந்திருக்கும். (ஐஸ்கட்டியை உதாரணம் சொல்லிவிடாதீர்கள், அது தண்ணீரைவிட அதிக இடம் பிடிக்கும் விதிவிலக்கு.) வாயுவோ எங்கேயோ போய்விடும். 100 டிகிரியில் தண்ணீர் ஆவியானால் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகும், அதாவது துகளுக்குத் துகள் இடைவெளி ஏறத்தாழ 12 மடங்கு. அதே கட்டத்தில் உண்மையாக வரைந்தால் ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கட்டத்துக்கு வெளியே, பக்கத்தின் மறுமூலையில் அடுத்த புள்ளியை வைப்பார்கள். சூரியக் குடும்பத்திலும் இதே கதைதான்: சூரியனை 10 சென்டிமீட்டர் பந்தாக வைத்தால் பூமி ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, இருப்பது பத்தே முக்கால் மீட்டர் தள்ளி. நோட்டில் அடங்காது. ஆகவே அளவு சரியில்லாத படம் எதுவானாலும் மூலையில் 'அளவு பொய்' என்று எழுதும் வழக்கத்தை வைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு அதை எழுதுவதில் ஒரு குஷி.

எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. வரையறை, அலகு, கணக்கு இவற்றைப் படமாக்குகிறேன் என்று வலிந்து செய்தால் கேலிக்கூத்தாகிவிடும். ஓம் விதிக்கு யானை பொம்மை வரைந்து என்ன ஆகப்போகிறது? ஒன்று இன்னொன்றாக மாறுகிறது, ஓரிடத்திலிருந்து ஓரிடம் போகிறது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது, இந்த மூன்றில் ஒன்று பாடத்தில் இருந்தால் படக்குறிப்பு எடுங்கள், இல்லாவிட்டால் எழுதிக்கொண்டு போங்கள்.

மறுநாள் செய்ய வேண்டியதுதான் பலர் விட்டுவிடுவது. வகுப்பு ஆரம்பித்ததும் நோட்டை மூடிவைத்து, வேறு தாளில் நேற்றுப் போட்ட படத்தை நினைவிலிருந்து மறுபடி வரைய மூன்று நிமிடம். அப்புறம் நோட்டைத் திறந்து, விட்டுப்போனதைப் பச்சைப் பேனாவில் சேர்க்க வேண்டும். பச்சை எங்கே அதிகமோ அங்கேதான் திரும்பப் படிக்க வேண்டும், நாம் சொல்லத் தேவையே இல்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை செய்தால் பச்சை குறைந்திருப்பதை அவர்களே எண்ணிச் சொல்வார்கள்.

மதிப்பெண் போடாதீர்கள், போட்ட அன்றே பிள்ளைகள் அழகுக்கு வரைய ஆரம்பித்துவிடுவார்கள். நான் படத்தில் ஒரு இடத்தில் கேள்விக்குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன், அவ்வளவுதான். நாற்பது நோட்டுக்கு இருபது நிமிடம் ஆகும், கட்டுரை விடை திருத்துவதைவிட எவ்வளவோ மேல்.

பரீட்சைக்கு என்ன வழி என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். ஒரு அம்மா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்ன டீச்சர், சயின்ஸ் நோட்டுல பொம்மையா போட்டு வச்சிருக்கான், ஒரு வரி எழுதலையே" என்றார். அவர் கவலை நியாயம். பையனைக் கூப்பிட்டு அம்மாவிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு என்றேன். ஒவ்வொரு அம்பாகத் தொட்டு அவன் சொன்னதை அப்படியே எழுதினால் ஐந்து மதிப்பெண் விடை. இதைத்தான் பாடம் முடிந்ததும் வீட்டுவேலையாகக் கொடுக்கிறேன்: ஒரு அம்புக்கு ஒரு வாக்கியம். ஏழு அம்பு இருந்தால் ஏழு வாக்கியம். புத்தகத்துச் சொற்களை அப்போது சேர்த்துக்கொள்ளலாம். பரீட்சைக்கான நேர்த்தியான படத்தையும் தனியாகப் பழக வேண்டும், அதை நான் நிறுத்தச் சொல்லவில்லை.

எந்தப் பாடத்தில் ஆரம்பிக்கலாம் என்றால் மின்சுற்றைச் சொல்வேன், செலவும் குறைவு, விடையும் உடனே கிடைக்கும். ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு பழைய மாதிரி டார்ச் பல்பு, முனைகளைச் சீவிய ஒரே ஒரு துண்டு ஒயர். எல்இடி வாங்கிவிடாதீர்கள், வெள்ளை எல்இடி ஒற்றைச் செல்லில் எரியாது, நீங்கள் வகுப்பு முன்னால் அசடு வழிய நேரும். பொருளை மேசையில் வைத்துவிட்டு, தொடவிடாமல், பல்பு எரிய இவற்றை எப்படி இணைக்க வேண்டும் என்று முதலில் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் செல்லின் தலையிலிருந்து பல்பின் அடிக்கு ஒரு கோடு இழுத்து, பல்பைச் சுற்றி வெளிச்சக் கோடுகளும் போட்டுவிடுவார்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். படத்தைப் பார்த்து அப்படியே இணைக்கச் சொல்லுங்கள். எரியாது. திருப்புவார்கள், ஒயரை இன்னொரு முறை சீவுவார்கள், செல் தீர்ந்துபோச்சு மிஸ் என்பார்கள். பல்பின் அடிப்புள்ளியைச் செல்லின் தலையில் நிறுத்தி, செல்லின் அடியிலிருந்து வரும் ஒயரைப் பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் யாராவது தற்செயலாகத் தொட்டுவிடும்வரை காத்திருங்கள். எரிந்ததும், பழைய படத்தை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதிதாக ஒன்று வரையச் சொல்லுங்கள்.